கிராணியார் வீட்டுப் படலை

ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி நான். மற்றவர் எனக்குச் சம்பந்தியாக வரப்போகும் பாக்கியம் அக்கா. நோர்வேக்காரர் மழைக்குக் குடை பிடிப்பது அபூர்வம். மழையும் பனியும் கலந்து கூழாக விழுகிற நவம்பரிலும் தலையில் ஒரு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மழை ஏதோ தங்கள் சொந்தக்காரர் என்பது போல நனைந்துகொண்டு நிற்பார்கள். குடை பிடிக்கிறவரைத் தூரத்திலேயே வெளியூர் என்று கண்டுபிடித்துவிடலாம். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாத காரியம் ஒன்று சில வாரங்களுக்கு முன் அங்கே நடந்தது. வளைவில் ஒரு பஸ் திரும்பி வந்தது. பாக்கியம் அக்கா சட்டென்று குடையை மடக்கினார். ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அது எங்கள் பஸ் அல்ல. சாரதி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்தாமல் போய்விட்டார். அக்கா நனைந்த தலையோடு குடையை மறுபடி விரித்தார். பிறகு டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர், சீருடையோடு, நடைபாதையில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் மடக்கினார். அவர்கள் கடந்து போகுமட்டும் ஒதுங்கி நின்று நனைந்தார்.

"ஏனக்கா மடக்குறியள்? தலை எல்லாம் நனையுது," என்றேன்.

"மடக்கினேனா?" என்று தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். "பழக்கதோஷம் சம்மந்தி, விடுங்க."

அக்கா பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் பள்ளிக்கூடமே வாயை மூடும் என்று அவர் மகன் கதிர் சொல்வான். அப்படிப்பட்டவர் யாரோ ஒரு பஸ் சாரதிக்காகக் குடை மடக்குவது எனக்கு விளங்கவில்லை. கதிர் துரொண்ட்ஹெய்மில் மீன் வளர்ப்புப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். என் ஒரே மகள் நிலானி அங்கே படிக்கப் போனாள், அவனைக் கண்டுபிடித்தாள், திரும்பி வரவில்லை. தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னமே வந்த அக்கா, "கலியாணத்துக்கு முந்தி ரெண்டும் ஒரே வீட்ல இருக்குதுங்க, அங்க போய் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தங்குறது?" என்று சொல்லி என்னோடு தங்கிவிட்டார். நானும் கணவரை இழந்தவள், அவரும் அப்படித்தான். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றேன். மெதுவாகச் சாப்பிடுங்கள் என்பதற்கு நாங்கள் சொல்வது அது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்து, "எனக்கு என்ன துக்கம் சம்மந்தி, ஆறுதல் சொல்றீங்க?" என்று கேட்டார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஒரே மொழியைக் கதைக்கிற இரண்டு பேர் அதே மொழியில் தடுக்கி விழுந்து சிரிக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். தடுக்கி விழுந்து எலும்பும் முறியலாம் என்று அப்போது நினைக்கவில்லை.

இந்த நாட்டில் ஸ்லெக்ட் என்று ஒரு சொல் இருக்கிறது. வம்சம், பரம்பரை, இனசனம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். நோர்வேக்காரருக்கு அதில் ஒரு பைத்தியம். நான் வேலை செய்யும் பாலர் பாடசாலையில் தூரிட் என்றொரு ஆசிரியை இருக்கிறார். மதிய இடைவேளையில் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே தன் பாட்டனின் பாட்டன் வடக்கே காட்டுக்குள் போய் முதல் மரத்தை வெட்டி வீடு கட்டிய கதையைச் சொல்வார். அவரை நீபிக்கர் என்பார். புதிதாகக் குடியேறி வீடு எழுப்பியவர் என்று பொருள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது தூரிட்டின் முதுகு நிமிரும். "உன் ஸ்லெக்ட் எப்படி?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கும் முதுகு நிமிர்ந்தது. என் பூட்டன், அதாவது என் அப்பாவின் அப்பாவுக்கு அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்குப் போனவர், வெள்ளைக்காரன் அங்கே காடழித்து ரப்பர் நடத் தொடங்கிய காலத்திலேயே போன முதல் ஆட்களில் ஒருவர், தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று என் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் கூலியாட்களை வரிசையில் நிறுத்தும் பிரட்டில் பேர் கூப்பிடுபவர், வேலையை அளப்பவர், துரைக்கு அடுத்தபடி. தூரிட்டுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. நோர்வேஜியத்தில் கிரான் என்றால் பாரந்தூக்கி. "ஓ, கிரேன் ஓட்டினவரா! அந்தக் காலத்திலேயா!" என்று கைதட்டினார். மறுநாள் பாடசாலை முழுக்க என் பூட்டன் கிரேன் சாரதியாகிவிட்டார். திருத்துவதற்கு எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் கிராணியார் வீடு என்றுதான் பேர். தபால்காரன் முதல் மீன்காரி வரை அப்படித்தான் சொல்வார்கள். பூட்டன் மலாயாவில் உழைத்து வந்து கட்டிய கல்வீடு. அவருடைய படம் ஒன்று முன்விறாந்தையில் தொங்கியது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, பக்கத்தில் ஒரு சைக்கிள், பின்னால் வரிசை வரிசையாய் இளம் ரப்பர் மரங்கள். இடம்பெயர்ந்து ஓடியபோது அப்பா பெட்டியில் நகையை வைக்க மறந்தார், அந்தப் படத்தை மறக்கவில்லை. அது கொழும்புக்கு வந்து, அங்கிருந்து என்னோடு ஒஸ்லோவுக்கு வந்தது. நிலானி சின்ன வயதில் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். இப்போது கல்யாண மண்டப வாசலில் அதைப் பெரிதாக்கி மாட்டப் போவதாகச் சொன்னாள். அவளுடைய நோர்வேச் சிநேகிதிகளின் கல்யாணங்களில் இருபக்க மூதாதையரின் படங்களும் வாசலில் இருந்தனவாம். "எங்களிட்டையும் ஒரு நீபிக்கர் இருக்கிறார் எல்லோ அம்மா," என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்தது. பாக்கியம் அக்கா கோயம்புத்தூரில் இருக்கும் தன் மகளோடு தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். பேத்தி சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் அடுப்படியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொற. தொறக்கலன்னா கிராணி வந்துருவான். சைக்கிள்ள வர்றான் பாரு, கிராணி வர்றான்!"

குழந்தை பயத்தில் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன், அக்கா சிரித்தார். என் கையில் கத்தி நின்றுவிட்டது. காது கேட்டதைத் தலை ஏற்க மாட்டேன் என்றது. நாங்கள் வாசலில் எழுதிவைத்த பேரை வேறொரு வீட்டில் பேய்க்கு வைத்திருக்கிறார்கள்.

தேத்தண்ணி கொடுக்கும் சாக்கில் போய், "அதென்னக்கா கிராணி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருடைய முன்னோர் மலாயாத் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போனவர்களாம். கொள்ளுத்தாத்தா போய், இருந்து, உயிரோடு திரும்பி வந்த சிலரில் ஒருவர்.

"கிராணி சைக்கிள்ள வந்தா குடையக் கீழ எறக்கி மடக்கணும், ஒதுங்கி நிக்கணும். அதான் சட்டம். ஒருநா கொள்ளுத்தாத்தா காய்ச்சல் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு மழையில தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிருக்காரு. ஒரு கையில புள்ள, ஒரு கையில குடை. எப்புடி மடக்குறது? கிராணி எறங்கி வந்து குடையப் புடுங்கி ஒடச்சுப்புட்டான். புள்ள நனஞ்சுது. அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு."

சற்று நிறுத்தி, தேத்தண்ணியை ஊதினார். "பொம்பளப் புள்ள. அது பேருதான் எனக்கு."

அன்றைக்கு எனக்கு அவருடைய குடை மடக்கும் கை விளங்கியது. எந்தப் புத்தகமும் படமும் இல்லாமல், நாலு தலைமுறை தாண்டி, ஒரு பயம் மட்டும் பத்திரமாக அந்தக் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு வேறொரு பயம் பிடித்தது. பயம் எனக்குப் புதிதல்ல. ஹெலிகொப்டர் சத்தத்தில் பதுங்கு குழிக்குள் வளர்ந்தவள் நான். இங்கே வந்த புதிதில் அகதியாகப் பதிய, பொலிஸ்காரரின் முன் இருந்து கதை சொன்னபோதும் அதே பயம்தான். ஆனால் அந்தப் பயங்களில் எல்லாம் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அடித்தவர்கள் அவர்கள், அடிபட்டவர்கள் நாங்கள். இவ்வளவு வருடமாக இந்த நாட்டில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அது பொய்யுமல்ல. இப்போது முதல் தடவையாக, வருகிற காலடிச் சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்ற பயம். இது அக்காவுக்குத் தெரிந்தால்? பேத்திக்குப் பேய் காட்டிய பெயரின் வீட்டில் பெண் எடுக்க அவர் சம்மதிப்பாரா? கதிர் தாயை மீறி நடக்கிற பிள்ளை அல்ல. நிலானியின் முகத்தை நினைத்தேன். எனக்கு மிச்சமாக இருப்பது அந்த ஒரு முகம்தான்.

மலாயாவில் தோட்டம் ஒன்றா இரண்டா, கிராணி ஒருத்தரா இரண்டு பேரா என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். எங்கள் பூட்டன் நல்லவராக இருந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிஞ்சியிருந்தது ரொறன்ரோவில் இருக்கும் கிளி மாமி ஒருத்தர்தான். அப்பாவின் தங்கை. காது மந்தம், ஞாபகம் கூர்மை. கிராணியார் அவருக்கு அப்பப்பா. பாக்கியம் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமிக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, கிராணியார் எப்பிடி ஆள்? நல்லவரோ?"

"அவரோ! ஆரெண்டு நினைச்சாய்? அவர் சைக்கிளிலை வாறாரெண்டால் கூலியள் குடையை மடக்கிப்போட்டு அங்காலை ஒதுங்கி நிக்குங்களாம்."

நிற்பார்களாம் என்று மாமி சொல்லவில்லை. ஆடு மாட்டுக்குச் சொல்வது போல நிக்குங்களாம் என்றார். இதே சொல்லைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். முன்பு அது என் காதில் குத்தியதே இல்லை.

"ஒருத்தன் மடக்கேல்லையாம் பிள்ளை. குழந்தையொண்டைத் தூக்கிக்கொண்டு திமிரா வந்தானாம். கிராணியார் இறங்கி, குடையைப் பறிச்சு, முழங்காலிலை வைச்சு முறிச்சுப்போட்டாராம். அதுக்குப் பிறகு அந்தத் தோட்டத்திலை ஒருத்தனும் வாலாட்டேல்லை. அப்பப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

மாமி லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "கலோ, கலோ" என்றார்.

"கேக்குது மாமி."

"அந்தக் குடைப்பிடியைத்தானே ஊருக்குக் கொண்டுவந்தவர். வளைஞ்ச பிடி, நல்ல பிரம்பு. அதைத்தானே எங்கடை படலைக்குக் கொளுக்கியாப் போட்டிருந்தது. உனக்கு ஞாபகம் இல்லையே?"

ஞாபகம் இல்லாமலா? எங்கள் படலைக்கு, அந்த வேலிக் கதவுக்கு, பூட்டுக் கிடையாது. ஒரு வளைந்த பிரம்புக் கொளுக்கி, கதவையும் பக்கத்துக் கம்பத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கைபட்டுக் கைபட்டு வழுவழுத்து, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். ஒழுங்கையில் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா உள்ளேயிருந்து "படலையைக் கொளுவு!" என்று அடங்கிய குரலில் கத்துவார். நான் ஓடிப்போய் அந்தக் கொளுக்கியை மாட்டிவிட்டு ஓடி வருவேன். துவக்கோடு வருகிறவனை ஒரு பிரம்புத் துண்டு என்ன செய்துவிடும்? ஆனாலும் அதை மாட்டியதும் எனக்கு மூச்சு வரும். என் சிறுபராயத்தின் அத்தனை பாதுகாப்பும் அந்த வளைவில்தான் இருந்தது. ஒரு காய்ச்சல்காரக் குழந்தையின் தலைக்கு மேலிருந்து பிடுங்கியதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தப்பிப் பிழைத்தேன் போலும். போனை வைத்த பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வார இறுதியில் பிள்ளைகள் இருவரும் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்தார்கள். நிலானியின் கையில் கதவளவு நீளத்தில் ஒரு மட்டைப் பொதி. மண்டபத்துக்கு மாட்டும் படம். பெரிதாக்கி, சட்டம் போட்டே கொண்டுவந்துவிட்டாள். படத்தைக் காணாமல் போகச் செய்ய வேண்டும் என்று அந்த ஒரு வாரமும் நான் போட்ட திட்டங்கள் எல்லாம், அவள் பொதியைப் பிரித்துச் சுவரில் சாத்தியதும் பொடிப்பொடியாகிப் போயின. ஆளுயரத்தில் பூட்டன் எங்கள் விருந்தறையில் நின்றார். சின்னப் படத்தில் ஓரளவு சாந்தமாகத் தெரிந்த கண்கள், பெரிதானதும் நேராக என்னைப் பார்த்தன.

"அம்மா, இஞ்சை பாருங்கோ," என்று நிலானி விரலால் காட்டினாள். "மரங்களுக்குள்ளை ஆக்கள் நிக்கினம்!"

உண்மைதான். சின்ன வயதிலிருந்து நான் மரங்கள் என்று நினைத்திருந்தவற்றில் சில மனிதர்கள். நாலைந்து பேர். மெலிந்து, நேராக, முகம் மங்கி, மரங்களோடு மரமாக.

பாக்கியம் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "யாரு இது? தொர மாதிரில்ல இருக்காரு."

"அம்மான்ரை பூட்டன்," என்றாள் நிலானி. "மலாயாவிலை நீபிக்கர்."

"மலாயாவா!" அக்காவின் முகம் மலர்ந்தது. "எங்க ஆளுங்களும் அங்கதான் போனாங்க. என்ன வேலை பாத்தாரு?"

என் வாய் என்னைக் கேட்காமல் முந்திக்கொண்டது. "கிரேன் ஓட்டினவர்," என்றேன்.

கதிர் தலையைச் சொறிந்தான். நாற்பது வருடம் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ரப்பர் தோட்டத்துலயா? கிரேனா?"

நிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். "அது தூரிட் பிழையா விளங்கினது எல்லோ அம்மா! கிரேன் இல்லை மாமி, கிராணி. எங்கடை ஊர் வீட்டுக்கும் கிராணியார் வீடெண்டுதான் பேர்."

அக்கா சிரிக்கவில்லை. படத்துக்கு இன்னும் கிட்டப் போனார். பூட்டனை அவர் பார்க்கவில்லை, பின்னால் மரங்களுக்குள் நின்றவர்களைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, அதைப் போடாமலே கையில் வைத்துக்கொண்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல்தான் சாத்தினார். எனக்கு அது இடி மாதிரி கேட்டது. கதிர் பின்னாலேயே போனான், கதவைத் தட்டினான், திரும்பி வந்தான். "அம்மா தனியா இருக்கணுமாம்," என்றான்.

நிலானியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். பேத்திக்குக் காட்டிய பேய், குழந்தை, கிளி மாமி, கொளுக்கி. அவள் முகம் வெளுத்தது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குத்தான் பிள்ளை சொல்லப் பயந்தனான்."

"எனக்காகவோ? பூட்டன்ரை பேருக்காகவோ?"

நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் இப்படித்தான். கேட்கக்கூடாத கேள்வியைச் சரியான இடத்தில் கேட்பார்கள். அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

காலையில் அக்கா பெட்டியோடு வெளியே வந்தார். திராமன் என்ற ஊரில் தன்னிடம் படித்த மாணவி ஒருத்தி குடும்பமாக இருக்கிறாள், அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். வருகிறேன் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் நம் ஊர்களில் போகிறவர் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். கதிர் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி மேலங்கியை எடுத்தான்.

"நீ இரு. பஸ்ஸு வரைக்கும் சம்மந்தி வருவாங்க. அங்கேருந்து நான் கேட்டுக் கேட்டுப் போயிக்குவேன்," என்றார்.

நிலானியும் கதிரும் சன்னலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். வெளியே பனியும் மழையும் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை இழுத்தேன், அக்கா தன் கறுப்புக் குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தார். சறுக்கும் பாதை, அதனால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பிடியில் கோபம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். தரிப்பிடத்தில் ஏற்கெனவே மூன்று நான்கு பேர் தொப்பியோடு நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது என்ற தைரியத்தில், மிச்சமிருந்ததையும் சொன்னேன். குடை முறித்ததைக் கிளி மாமி சொன்ன மாதிரியே சொன்னேன். கொளுக்கியைச் சொன்னேன். ஒன்றையும் மெழுகவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சேற்றுப்பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் புடி இப்ப எங்க?" என்று கேட்டார்.

"வீடே இல்லையக்கா. ஆமிக்காரர் அந்தப் பக்கம் முழுக்க எடுத்து, இடிச்சுத் தரைமட்டமாக்கிப் போட்டாங்கள். படலையும் இல்லை."

"அப்ப உங்களயும் அது காப்பாத்தல."

"இல்லையக்கா."

அவர் குடையை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "எந்தத் தோட்டம்?" என்றார். பேரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"எங்களுக்குத் தோட்டத்துப் பேரே தெரியாது சம்மந்தி. தோட்டம்னுதான் சொல்லுவாங்க. கிராணிக்குப் பேரும் தெரியாது. உங்க பூட்டனா, வேற ஆளான்னு நான் எங்க போய்க் கேக்குறது? எத்தன தோட்டம், எத்தன கிராணி, எத்தன கொட. உங்களுக்கு எல்லாம் தெரியிது. போன கப்பல் தெரியிது, போட்ட கோட்டு தெரியிது. எங்களுக்குக் குடைய மடக்குறது மட்டுந்தான் தெரியிது."

அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "கலியாணம்... என்ன செய்யப் போறியள் அக்கா?"

அவர் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"என் மவன் உங்க மவளத்தான கட்டப்போறான், உங்க பூட்டனயா கட்டப்போறான்? அத விடுங்க. அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னு வர்றவங்கள வாங்கன்னு கும்புட என்னால முடியுமான்னுதான் தெரியல. அதுக்குத்தான் போறேன்."

"படத்தை எடுத்துப்போடுறன் அக்கா. ஒருத்தர் கண்ணிலயும் படாமல்..."

"அய்யய்யோ, அப்படிப் பண்ணிடாதீங்க!" என்று என் கையைப் பிடித்தார். "பின்னாடி நிக்கிறாங்களே, மரத்துக்குள்ள? அவங்க எங்க ஆளுங்களா இருந்தா, எங்க வம்சத்துக்குன்னு இருக்குற ஒரே போட்டோ அதுதான் சம்மந்தி. அதுவும் உங்க வீட்ல இருக்கு."

நாங்கள் நகையை மறந்து காப்பாற்றிக் கொண்டுவந்த படம். அப்பா யாரைக் காப்பாற்றுவதாக நினைத்தாரோ, யாரைக் காப்பாற்றினாரோ!

வளைவில் பஸ் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் சாரதியின் சீருடை தெரிந்தது. அக்காவின் கட்டைவிரல் தன்பாட்டில் குடையின் விசையைத் தேடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாமக்கா, மடக்காதேங்கோ என்று அந்தப் பிடியை எட்டிப் பிடித்தேன். அவர் இழுத்தார். நானும் இழுத்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மழையில், ஒரு பால்மரக்காரர் வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து குடையைப் பறித்துக்கொண்டிருந்தது என் கை. நெருப்பைத் தொட்டவள் போல விட்டுவிட்டேன்.

பஸ் நின்றது. கதவு திறந்தது. தொப்பிக்காரர்கள் ஏறினார்கள். சாரதி எங்களைப் பார்த்துப் பொறுமையாக ஏதோ சொன்னார். வாருங்கள், பரவாயில்லை என்பது போல. மடக்காமல் அந்தக் கதவால் ஏற முடியாது. அக்கா சாரதியை ஒருமுறை பார்த்தார், குடையை ஒருமுறை பார்த்தார். பிறகு விரித்தபடியே அதை என் கையில் தந்தார்.

"நீங்க புடிங்க," என்றார்.

படியில் ஏறும்வரை அவர் தலையில் மழை விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், கதவு மூடிக்கொண்டது. சன்னலோரத்தில் இருந்து அவர் கையசைத்தாரா, கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. குடையை வாங்கத் திரும்பி வருவார் என்று ஒரு மனம் சொன்னது. குடை இனி வேண்டாமென்றுதான் தந்துவிட்டுப் போனார் என்று இன்னொரு மனம் சொன்னது. ஏற்றத்தில் வீட்டை நோக்கி நடந்தேன். தபால்காரர் எதிரே வந்தார், சிவப்புச் சீருடை. என் கை குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டுத் தலையசைத்துப் போனார்.

வீட்டு வாசலில் நிலானி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா சொன்னவா? வருவாவோ?" என்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, சுவரில் சாய்ந்தபடி பூட்டனும், அவருக்குப் பின்னால் மரங்களுக்குள் அவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரித்த குடை அந்தக் கதவுக்குள் நுழையாது.

"மடக்கிப்போட்டு வாங்கோ அம்மா, குளிருது," என்றாள் மகள்.

என் கட்டைவிரல் விசையின் மேலேயே இருந்தது. அழுத்த முடியவில்லை. என் வீட்டு வாசலில், பாக்கியம் அக்காவின் குடைக்குக் கீழே, உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தேன்.